ரோரி கேலகர்: வியர்வையில் உரிந்த கிதார்

அயர்லாந்தின் ப்ளூஸ்-ராக் கிதார் கலைஞர் ரோரி கேலகரின் கிதாரைப் புகைப்படத்தில் முதன்முறையாகப் பார்க்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இவ்வளவு பெரிய கலைஞர், இதற்கு ஒரு கோட் பெயின்ட் அடிக்கக் கூடாதா?

அது 1961-ல் செய்த ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர். கடையிலிருந்து வந்தபோது சன்பர்ஸ்ட் நிறம்: நடுவில் மஞ்சள், சுற்றிலும் சிவப்பு, விளிம்பில் கருப்பு. இன்று அதில் பெரும்பகுதி வெறும் மரம். வலது முழங்கை படும் மேல் வளைவில் வண்ணம் இருந்த அடையாளமே இல்லை. மரம் பழுப்பேறி, சில இடங்களில் கருத்துப்போய்க் கிடக்கிறது. கை எட்டாத ஓரங்களில் மட்டும் திட்டுத்திட்டாகப் பழைய சன்பர்ஸ்ட் மிச்சம் இருக்கிறது. தலைப்பகுதியில் தந்தியை முறுக்கும் ஆறு பிருடைகளில் ஐந்து ஒரு ஜாதி, ஒன்று வேறு ஜாதி. கழுத்தில் பதித்திருந்த புள்ளிகளில் ஒன்று எப்போதோ விழுந்துவிட, அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் புள்ளியை வைத்து அடைத்திருக்கிறார்கள்.

நான் கிதார் வாசிப்பவன் அல்ல, கேட்பவன். ரோரியை நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் உடனே சொல்லிவிடுவார்: மேடையில் அசுரன், ஸ்டுடியோவில் சுமார். இந்தத் தீர்ப்பு எனக்கு ஒப்பவில்லை. ஸ்டுடியோ ஆல்பங்களும் மேடையும் அவருக்கு இரண்டு தனித் தொழில்களாக இருந்ததே இல்லை. பாட்டைத் தொடங்குகிற இடம் ஸ்டுடியோ, அதை முடிக்கிற இடம் மேடை. சில பாட்டுகளை அவர் இருபது வருஷம் முடித்துக்கொண்டே இருந்தார். அந்த வேலை எந்த அளவுக்கு நடந்தது என்பதை அந்தக் கிதாரின் உடம்பைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அதனால் இந்த மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ரோரி 1948 மார்ச் 2 அன்று அயர்லாந்தின் டொனிகல் மாவட்டத்தில் பேலிஷானன் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது தெற்கே கார்க் நகரத்தில். 1950களின் அயர்லாந்தில் ஒரு பையன் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸைக் கேட்க வேண்டுமென்றால் வீட்டு வானொலியின் முள்ளைத் திருகித் திருகி அமெரிக்கப் படையினருக்கான ஒலிபரப்பைப் பிடிக்க வேண்டும். பிரிட்டிஷ் பாடகர் லானி டானகன் பாடிய பாட்டுகள் வழியாக அமெரிக்க ப்ளூஸ் பாடகர் லெட்பெல்லியைத் தெரிந்துகொண்டார். அங்கிருந்து தேடிப் போய் இன்னொரு ப்ளூஸ் மேதை மடி வாட்டர்ஸ் வரை வந்தார். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. ஒன்பது வயதில் கையில் வந்த சாதாரண கிதாரில் தானாகவே கற்றுக்கொண்டவர்.

அந்த ஸ்ட்ராடோகாஸ்டர் அவர் கைக்கு வந்தது 1963-ல், பதினைந்து வயதில். கார்க்கில் க்ரௌலி என்பவரின் இசைக்கருவிக் கடை. அதற்கு முன் அந்தக் கிதார் ராயல் ஷோபேண்டைச் சேர்ந்த ஜிம் கான்லனிடம் இருந்தது. அவர் சிவப்பு நிறத்தில் ஒன்று கேட்டிருந்தார், வந்தது சன்பர்ஸ்ட். சிவப்பு வந்து சேரும்வரை இதை வாசித்துவிட்டுக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். அயர்லாந்துக்குள் வந்த முதல் ஸ்ட்ராடோகாஸ்டர் இதுதான் என்று சொல்வதுண்டு. விலை கிட்டத்தட்ட 100 பவுண்டு. அந்தக் குடும்பத்துக்கு அது தாங்காத தொகை, தவணையில்தான் வாங்க முடிந்தது. இந்தக் கிதாரில் தாளத்துக்கான வாசிப்பையும் தனி வாசிப்பையும் நானே வாசித்துவிடுவேன், இன்னொரு கிதார்காரர் தேவைப்படாது என்று அம்மாவிடம் வாதாடினாராம். அந்தப் பையன் சொன்னபடியே செய்தான். பிற்காலத்தில் அவர் தலைமை தாங்கிய எந்தக் குழுவிலும் இரண்டாவது கிதார்காரர் கிடையாது.

கடனை அடைக்க ஷோபேண்டில் சேர்ந்தார். அன்றைய அயர்லாந்தில் ஷோபேண்ட் என்றால் ஒரே மாதிரி கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடன அரங்குகளில் அந்தந்த வாரத்து ஹிட் பாட்டுகளை வாசிக்கும் கூட்டம். ஒரு ராத்திரிக்கு நாலைந்து மணி நேரம் நிற்காமல் வாசிக்க வேண்டும். அவருக்கு அந்தப் பாட்டுகள் பிடிக்கவில்லை. ஆனால் மேடையில் சோராமல் நிற்கும் உடம்பையும், கூட்டம் எந்த நிமிடத்தில் சலிக்கிறது என்று கண்டுபிடிக்கும் கண்ணையும் அங்கேதான் பெற்றார் என்று நினைக்கிறேன். பின்னாளில் இரண்டரை, மூன்று மணி நேரம் வாசித்துவிட்டும் இறங்க மனமில்லாமல் நின்றவருக்கு அந்தப் பயிற்சி அப்போதே தொடங்கிவிட்டது.

அந்தக் காலத்தில்தான் டப்ளினில் வேனிலிருந்து கிதார் திருடு போனது. சில நாட்கள் கழித்து ஒரு பள்ளத்தில் கிடைத்தது. மழையில் ஊறி, கீறல் விழுந்து. இனிமேல் இதை விற்க மாட்டேன், பெயின்ட் அடிக்கவும் மாட்டேன் என்று அப்போது மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டதாக ரோரி பிற்பாடு சொல்லியிருக்கிறார். முதல் பத்தியில் வந்த கேள்விக்குப் பதில் இதுதான்.

ஆனால் மழை செய்தது கொஞ்சம், மீதியைச் செய்தது வியர்வை. அந்தக் காலத்து ஃபெண்டர் கிதார்களுக்கு அடித்தது நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். மெல்லிய பூச்சு, மரத்தோடு ஒட்டிக்கிடக்கும், அழகாக மங்கும். உப்பும் உடற்சூடும் விடாமல் பட்டால் இளகித் திட்டுத்திட்டாக உரிந்துவிடும். 1960களின் கடைசியில் ஃபெண்டர் தடிமனான பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறியது. அது கல் மாதிரி. எத்தனை வருஷம் வாசித்தாலும் இப்படித் தேயாது. ரோரி ஏழெட்டு வருஷம் கழித்து இதே கிதாரை வாங்கியிருந்தால் நமக்கு இந்தக் காட்சியே கிடைத்திருக்காது. அவருடைய ரத்த வகை அபூர்வமானது, அதனால் வியர்வையில் அமிலம் அதிகம் என்று ரசிகர்களிடையே ஒரு கதை உண்டு. எனக்கு அந்தக் கதை தேவைப்படவில்லை. 1970களின் மேடை விளக்குகளுக்குக் கீழே, ராத்திரிக்கு ராத்திரி, கட்டம் போட்ட சட்டை தொப்பலாக நனைந்து கிதாரின் மேல் படிந்து கிடக்கும் எந்த வீடியோவைப் பார்த்தாலும் காரணம் புரிந்துவிடும். கழுத்து மரமே வியர்வையைக் குடித்து வளைந்துபோய், அதைக் கழற்றி உலர விட்டு, வேறு கழுத்தை மாட்டி வாசித்து, பழையது நேரானதும் திரும்ப மாட்டிக்கொண்டார்.

1966-ல் கார்க்கில் டேஸ்ட் என்ற மூவர் குழுவைத் தொடங்கினார். ஹாம்பர்க், பெல்ஃபாஸ்ட், பிறகு லண்டன். 1968 நவம்பரில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் க்ரீம் குழுவின் விடைபெறும் கச்சேரிக்கு முன்னால் வாசித்தார்கள். அந்த மேடை இவர்களுக்குப் பெரிய பெயரை வாங்கித் தந்தது. 1970 ஆகஸ்டில் ஐல் ஆஃப் வைட் விழாவில் வாசித்தபோது குழுவுக்குள் ஏற்கெனவே விரிசல், ஆனால் அந்த ஒளிப்பதிவில் அதன் சாயல்கூடத் தெரியாது. அந்த வருஷக் கடைசியோடு டேஸ்ட் கலைந்தது.

லண்டன் மார்க்கீ கிளப்பில் நடந்த ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். டேஸ்ட் வாசித்து முடித்த ஒரு ராத்திரி, கூட்டம் கலைந்த பின்னும் இரண்டு பையன்கள் உள்ளேயே ஒளிந்துகொண்டு நின்றார்கள். ரோரி தன் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது போய், இந்தச் சத்தம் எப்படி வருகிறது என்று கேட்டார்கள். அவர் ஒளிக்கவே இல்லை. வாக்ஸ் ஏசி-30 ஆம்ப் (கிதார் ஒலிபெருக்கி), அதற்கு முன்னால் ரேஞ்ச்மாஸ்டர் ட்ரெபிள் பூஸ்டர் என்ற சின்னப் பெட்டி, அவ்வளவுதான் என்று காட்டிவிட்டார். கேட்டவர்களில் ஒருவர் பிரையன் மே. அவர் அதே ஆம்பையும் அதே மாதிரி பூஸ்டரையும் தேடிப் பிடித்தார். பிறகு க்வீன் குழுவில் உலகமே கேட்ட அந்தக் கிதார் ஒலியின் அடித்தளம் அதுதான். இந்தக் கடனை பிரையன் மே பேட்டிகளில் மறக்காமல் சொல்லிவருகிறார். தொழில் ரகசியத்தை முன்பின் தெரியாத பையன்களுக்கு நள்ளிரவில் நின்று சொல்லிக்கொடுத்த அந்த மனசுக்காகவே எனக்கு ரோரியைப் பிடிக்கும்.

அந்தச் சின்னப் பெட்டி செய்யும் வேலை எளிமையானது. உள்ளே ஒரே ஒரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். கிதாரின் மேல் ஸ்தாயியைத் தூக்கிவிட்டு ஆம்பை முட்டித் தள்ளும். மற்ற எல்லாம் விரலில். கிதார் வாசிக்கும் நண்பர் ஒருவர் ரோரியின் வீடியோ ஓடும்போது நிறுத்தி எனக்குக் காட்டினார்: அந்த வலது கைச் சுண்டுவிரலைப் பாருங்கள். ஸ்ட்ராடோகாஸ்டரில் வாலியூம் குமிழ் தந்திகளுக்கு மிக அருகில் இருக்கிறது. ரோரி மீட்டிக்கொண்டே சுண்டுவிரலால் அதை உருட்டுகிறார். குமிழைக் குறைத்தால் ஆம்ப் அடங்கித் தெளிந்த ஒலி, ஏற்றினால் உறுமல். இன்னொரு குமிழை முன்னும் பின்னும் உருட்டி, பெடல் எதுவும் இல்லாமலே வா-வா என்று அழ வைக்கிறார். பிக்கும் (தந்தியை மீட்டும் வில்லை) கட்டைவிரல் சதையும் ஒரே நேரத்தில் தந்தியில் பட, சுரம் கீச்சென்று மேலே தாவுகிறது. நம் வீணையில் ஒரு சுரத்தை மீட்டிவிட்டு அதன் வாலை இடது கையால் இழைத்துக்கொண்டே போவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இவர் தந்தியை வளைக்கும் விதம் அந்நியமாகவே இருக்காது.

1971-ல் தனிப் பெயரில் வந்தார். பேஸ் கிதாருக்கு ஜெரி மெக்காவாய், டிரம்ஸுக்கு வில்கர் கேம்பல், இருவரும் பெல்ஃபாஸ்ட்காரர்கள். முதல் ஆல்பம் அந்த வருஷம் மே மாதம். சுத்தமான, யோசித்துச் செய்த ஆல்பம். அதே வருஷம் நவம்பரிலேயே இரண்டாவது, 'டியூஸ்'. ஸ்டுடியோவில் சுமார் என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் நீட்டுவது இதைத்தான்.

லண்டன் டால்ஸ்டன் பகுதியில் டேஞ்சரின் என்ற சின்ன ஸ்டுடியோ. தயாரிப்பு ரோரியே. கச்சேரிக்குக் கிளம்பும் முன்பும், கச்சேரி முடிந்து திரும்பிய பின்பும் பதிவு செய்தார்கள். மேடைச் சூடு ஆறுவதற்குள் வாசித்துவிட வேண்டும் என்பது கணக்கு. பெரும்பாலும் மூவரும் ஒன்றாக நின்று வாசித்ததுதான் ரெக்கார்டில் இருக்கிறது. மேற்பூச்சு குறைவு. கேட்டால் தெரியும்: டிரம்ஸ் கொஞ்சம் அறைக்குள் அடைபட்ட மாதிரி ஒலிக்கும், சில இடங்களில் குரல் கிதாருக்குப் பின்னால் போய்விடும். 'க்ரெஸ்ட் ஆஃப் எ வேவ்' என்ற கடைசிப் பாட்டில் தந்தி மேல் சறுக்கும் ஸ்லைடு வாசிப்பு உச்சத்துக்குப் போகும்போது ஒலிப்பதிவே பிதுங்குகிறது. ஒழுங்கான ஒரு தயாரிப்பாளர் இருந்திருந்தால் அதைத் திருத்தியிருப்பார். நல்லவேளை, இல்லை.

அடுத்து 1972-ல் வந்த 'லைவ் இன் யூரோப்'. பொதுவாக லைவ் ஆல்பம் என்றால் ஏற்கெனவே விற்ற பாட்டுகளின் மேடை வடிவம். இதில் இருப்பவற்றில் இரண்டைத் தவிர மற்றவை எதுவும் அவருடைய தனி ஸ்டுடியோ ஆல்பங்களில் கிடையாது. அதாவது புதுச் சரக்கை நேராக மேடையிலேயே வெளியிட்டார். அந்த ஆல்பம் பிரிட்டனில் முதல் பத்துக்குள் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் மெலடி மேக்கர் பத்திரிகையின் வாசகர்கள் அவரைச் சிறந்த கிதார் கலைஞராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தனிப்பாட்டு சிங்கிளாக எதையும் வெளியிட அவர் சம்மதிக்காத காலத்தில் நடந்தது இதெல்லாம். வானொலி ஹிட் இல்லாமல், கச்சேரி கச்சேரியாக ஏறி வந்தவர்.

லண்டனில் மடி வாட்டர்ஸ் ஒரு ஆல்பம் பதிவு செய்தபோது ரோரியையும் வாசிக்கக் கூப்பிட்டார்கள். அவருக்கோ அந்த ராத்திரிகளில் வேறு ஊர்களில் கச்சேரி. இரண்டையும் விட மனமில்லை. கச்சேரியை முடித்துக்கொண்டு காரை விரட்டி லண்டன் வந்து சேர்வார், அதுவரை அவருக்காகக் காத்திருப்பார்கள். சிறுவயதில் வானொலியில் தேடிப் பிடித்த குரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும் வாய்ப்பு. அதற்காகக்கூட டிக்கெட் வாங்கியவர்களின் கச்சேரியை ரத்து செய்யவில்லை. 1975 ஜனவரியில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அவரை ராட்டர்டாமுக்கு வரவழைத்துச் சேர்ந்து வாசித்துப் பார்த்தது. மிக் டெய்லர் விலகிய இடம் காலியாக இருந்தது. ஜப்பானில் கச்சேரிகள் ஒப்புக்கொண்டாயிற்று என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார் ரோரி. அந்த இடத்துக்கு ரான் வுட் வந்தார். இதைப் பலர் கைநழுவிய வாய்ப்பாகப் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் குழுவில் மேடையின் ஒரு பக்கம் நின்று இருபது வருஷம் வாசிக்கிற ரோரியை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

இனி 'ஐரிஷ் டூர் '74'. இதைப் பற்றி மட்டுமே தனியாக எழுதலாம்.

1973 கடைசியிலும் 1974 ஜனவரியிலும் பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் மூன்று நகரங்களிலும் வாசித்தார். பெல்ஃபாஸ்ட் என்று எழுதும்போதே அன்றைய நிலைமையையும் சொல்ல வேண்டும். குண்டு வெடிப்பும் துப்பாக்கிச் சூடும் அன்றாடமாகிப்போன காலம். 1972-ல் மட்டும் வட அயர்லாந்து மோதல்களில் 470-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். வெளியூர்க் குழுக்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டன. ரோரி நிறுத்தவில்லை. வருஷம் தவறாமல் பெல்ஃபாஸ்டின் அல்ஸ்டர் ஹாலுக்குப் போய் வாசித்தார். தெற்கிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன், மெக்காவாய் பெல்ஃபாஸ்ட்காரர், கீபோர்டில் இருந்த லூ மார்ட்டினும் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர், டிரம்ஸில் ராட் டி'ஆத் வேல்ஸ்காரர். கீழே கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்ற இரண்டு தரப்புப் பிள்ளைகளும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் மேடையில் அரசியல் பேசவில்லை. வந்து வாசித்தார், மறு வருஷமும் வந்தார்.

இசைக்கலைஞர் ரானி லேனின் நடமாடும் ஸ்டுடியோவை வரவழைத்துப் பதிவு செய்தார்கள். ஓர் ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லருக்குள் பதிவுக் கருவிகளைப் பொருத்திய வண்டி அது. அரங்குக்கு வெளியே வண்டி, உள்ளே மைக்குகள். இயக்குநர் டோனி பாமர் கூடவே படமும் எடுத்தார். ஆல்பத்தில் இருப்பது பெரும்பாலும் கார்க் சிட்டி ஹாலில் பதிவானது, சொந்த ஊர்க் கூட்டத்துக்கு முன்னால்.

இந்த ஆல்பத்தில் 'எ மில்லியன் மைல்ஸ் அவே' பாட்டை எடுத்துக்கொள்கிறேன். முந்தைய வருஷம் 'டாட்டூ' ஆல்பத்தில் ஸ்டுடியோ வடிவம் வந்துவிட்டது. ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஹோட்டல் பார் ஒன்றில் ஆட்கள் நிறைந்து கிடக்கிறார்கள், பியானோ வாசிக்கிறவர் களைகட்ட வைத்துக்கொண்டிருக்கிறார், நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் மட்டும் எங்கோ தொலைதூரத்தில் இருக்கிறான். அவ்வளவுதான் பாட்டு. ஸ்டுடியோ வடிவம் நன்றாகவே இருக்கிறது: எல்லாம் அதனதன் இடத்தில், குரல் முன்னால், சோகம் அளவாக. மேடையில் அது ஒன்பதரை நிமிடம் ஆகிறது. கூடுதலாக வந்த நிமிடங்களில் புதுச் சொல் ஒன்றுகூட இல்லை. தொடக்கத்தில் தந்திகளை ஒவ்வொன்றாக உதிர்க்கும்போது அவசரமே கிடையாது. கூட்டம் அடங்கட்டும் என்று விட்டுவிடுகிறார். நடுவில் வாசிப்பு கொதித்து எழுந்து, பிறகு தணிந்துகொண்டே போய், சுண்டுவிரல் குமிழை உருட்ட உருட்டச் சுரங்கள் எங்கோ தூரத்திலிருந்து வருகிற மாதிரி எழுந்து மறைகின்றன. அந்த இடத்தில் கூட்டத்தின் மூச்சு கேட்கிறது. பாட்டில் வருகிறவன் பாரில் இத்தனை பேர் நடுவே தனியாக இருக்கிறான். கார்க்கில் அந்த ராத்திரி ஒரு மனிதன் ஆயிரக்கணக்கானோர் நடுவே நின்று அதைச் சொல்கிறார். பாட்டுக்குத் தேவைப்பட்ட அந்தப் பெருங்கூட்டம் ஸ்டுடியோவில் இல்லை, மேடையில் இருந்தது. பாட்டை மேடையில் முடித்தார் என்று நான் சொன்னது இதைத்தான்.

அதே ஆல்பத்தில் 'வாக் ஆன் ஹாட் கோல்ஸ்' பதினோரு நிமிடத்தைத் தாண்டுகிறது. 'ஆஸ் த க்ரோ ஃப்ளைஸ்' வரும்போது ஸ்ட்ராடோகாஸ்டரைக் கழற்றி வைத்துவிட்டு, உலோக உடம்பு கொண்ட பழைய நேஷனல் கிதாரை எடுக்கிறார். அது 1932-ல் செய்தது. மற்ற கிதார்களைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. ஸ்லைடு வாசிக்க வெள்ளை டெலிகாஸ்டர் ஒன்று, ஒரு மார்ட்டின், தவிர மலிவு விலையில் கடைகளில் விற்ற சில விசித்திரமான கிதார்கள். எதையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வாங்கவில்லை, எல்லாவற்றையும் வாசித்தார்.

ஸ்டுடியோவில் அவர் தோற்ற கதையும் உண்டு, அதை விடக் கூடாது. 1977-78 குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில், நீல் யங்கின் 'ஹார்வெஸ்ட்' ஆல்பத்தைத் தயாரித்த எலியட் மேசருடன் ஒரு ஆல்பம் பதிவு செய்தார். அதே சமயத்தில் அந்த ஊர் வின்டர்லேண்ட் அரங்கில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழுவின் கடைசிக் கச்சேரியைப் போய்ப் பார்த்தார். அவர்கள் வாசிப்பு அரைகுறை, ஆனால் அந்த வேகம் அவரை உலுக்கிவிட்டது. தன் ஆல்பத்தின் மிக்ஸைத் திரும்பக் கேட்டவருக்குத் திருப்தி இல்லை. தம்பி டோனல்தான் அவருடைய மேனேஜர். அவ்வளவு செலவும் செய்து முடித்த ஆல்பத்தை வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டார். கூடவே டாக்ஸிக் கதவில் மாட்டிக் கட்டைவிரல் உடைந்தது. அது ஆறியதும் குழுவைக் கலைத்து, மெக்காவாயை மட்டும் வைத்துக்கொண்டு, புது டிரம்ஸ்காரர் டெட் மெக்கென்னாவுடன் மீண்டும் மூவராக ஜெர்மனியில் கொலோன் பக்கம் போய் 'ஃபோட்டோ-ஃபினிஷ்' ஆல்பத்தைப் பதிவு செய்தார்.

தூக்கிப் போட்ட அந்தப் பதிவுகள் அவர் இறந்த பிறகு, 2011-ல் வெளிவந்தன. கேட்டேன். மோசமே இல்லை. பல பேர் அப்படி ஒரு ஆல்பத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். ஆனால் கூடவே இரண்டாவது தட்டாக 1979-ல் அதே ஊரில் ஓல்ட் வால்டார்ஃப் கிளப்பில் வாசித்ததையும் சேர்த்திருந்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது அவருக்கு எது உறுத்தியது என்று புரிகிறது. ஸ்டுடியோ தட்டில் எல்லாருக்கும் நடுவில் போதுமான இடைவெளி, எதுவும் எதன் மேலும் இடிப்பதில்லை. கிளப் தட்டில் மூவரும் ஒருவர் மேல் ஒருவர் ஏறி விழுகிறார்கள். 'டியூஸ்' செய்த வழியை அவர் கடைசிவரை ஒவ்வொரு ஸ்டுடியோவிலும் தேடினார். சில சமயம் கிடைத்தது, சில சமயம் இல்லை. கிடைக்காதபோது அதை ஒப்புக்கொண்டு வெளியிட மறுத்தார்.

1980களில் அவருக்குக் காலம் சரியில்லை. விமானப் பயம், அதற்கு மாத்திரை, மாத்திரையோடு மது. 'டிஃபெண்டர்', 'ஃப்ரெஷ் எவிடன்ஸ்' என்ற கடைசி இரண்டு ஸ்டுடியோ ஆல்பங்களுக்கு நடுவிலும் முன்னாலும் நீண்ட இடைவெளிகள். 1995 ஜனவரியில் நெதர்லாந்தில் கடைசியாக மேடை ஏறினார். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் தொற்று ஏற்பட்டு, ஜூன் 14 அன்று லண்டனில் இறந்தார். 47 வயது. கார்க் பக்கத்தில் பாலின்காலிக்கில் அடக்கம் செய்தார்கள்.

அவர் இறந்து இரண்டு வருஷத்தில் ஃபெண்டர் நிறுவனம் அந்தக் கிதாரின் நகலைக் கொண்டுவந்தது. தேய்ந்த இடம், கருத்த இடம், பொருந்தாத பிருடை எல்லாம் அச்சாக அப்படியே. வாங்குகிறவர்களின் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் இன்னொருவர் முழங்கை தேய்த்த இடத்தை ஒரு தொழிலாளி தேய்ப்புக் காகிதத்தால் தேய்த்துக் கொடுப்பதைப் பார்க்க மனசு ஒப்பவில்லை. அந்தப் புதுக் கிதாரை வாங்கியவர் தன் வியர்வையால் தேய்த்துக்கொள்ள இடமே விட்டுவைக்காமல் கொடுத்துவிடுகிறார்கள் என்று படுகிறது.

அசல் கிதார் 2024 அக்டோபரில் லண்டனில் போனம்ஸ் ஏலத்துக்கு வந்தது. அது அயர்லாந்தை விட்டுப் போய்விடக் கூடாது என்று அங்கே குரல்கள் எழுந்தன. 8,89,400 பவுண்டுக்கு விலைபோனது. அயர்லாந்தின் கச்சேரி ஏற்பாட்டாளர் டெனிஸ் டெஸ்மண்ட் சார்ந்த நிறுவனம் வாங்கி, அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டது. தவணையில் வாங்கிய கிதார் நாட்டின் சொத்தாயிற்று. எனக்கு அதில் முழு மகிழ்ச்சிதான், ஒரே ஒரு ஆசையைத் தவிர: எப்போதாவது அதை வெளியே எடுத்து வாசிக்க வேண்டும். 2011-ல் லண்டனில் அமெரிக்க கிதார் கலைஞர் ஜோ போனமாசா அதை இரவல் வாங்கி மேடையில் 'க்ரேடில் ராக்' வாசித்தார். அதே மரம், அதே கழுத்து. ஒலித்ததோ முழுக்க முழுக்க போனமாசா. அப்படித்தான் ஒலிக்கவும் வேண்டும்.

ரோரியைப் புதிதாகக் கேட்கப்போகிறவர்களுக்கு: 'டாட்டூ' ஆல்பத்தின் 'எ மில்லியன் மைல்ஸ் அவே' பாட்டை முதலில் கேளுங்கள், நடுவில் வேறெதையும் கேட்காமல் உடனே 'ஐரிஷ் டூர்' வடிவத்துக்குப் போங்கள். பிறகு 'டியூஸ்' முழுதாக. பார்க்க வேண்டுமென்றால் 1977 ஜூலையில் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்தில் ராக்பலாஸ்ட் நிகழ்ச்சிக்காக வாசித்தது. விடிய விடிய ஐரோப்பா முழுக்கத் தொலைக்காட்சியில் நேரலையாகப் போன கச்சேரி அது. கேமரா கைக்கு அருகில் வரும்போதெல்லாம் சுண்டுவிரலைக் கவனியுங்கள்.